பிரிக்காத கட்டு

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணிலிருந்து வாசலில் காவல் நிற்பவர் வரை எல்லோருக்கும் அவள் 'அப்படியேக்கா'தான். ஏதாவது ஒரு பழைய வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் காகிதம் வந்து இறங்கும். யாராவது ஆசையாக ஒரு கட்டைக் கையில் எடுத்து, தூசி தட்டி, தேதிவாரியாக அடுக்கலாமா என்று நினைப்பார்கள். நினைத்தால் போதும், அடுத்த அறையிலிருந்து குரல் வந்துவிடும்: "அப்படியே இருக்கட்டும்!" சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு அவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. ஒருவர் தன் கடிதங்களை எந்த வரிசையில் வைத்திருந்தாரோ, எதை எதோடு சேர்த்துக் கட்டியிருந்தாரோ, அதுவும் அவரைப் பற்றிய சேதிதான். புதிதாக வருபவர்களுக்கு அவள் ஒரு டாக்டரின் கதையைச் சொல்வாள். அவர் தன் மகனின் கடிதங்களைக் கரண்ட் பில்லோடு கட்டி வைத்திருந்தார். பூனைக்கு ஊசி போட்ட அட்டையை மட்டும் கல்யாணப் போட்டோவோடு வைத்திருந்தார். "இதை எல்லாம் நாம தேதிவாரியா அழகா அடுக்கி வெச்சோம்னு வைங்க, அவர் நல்ல அப்பா ஆயிடுவார்" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

ஆகவே பெட்டியின் மூடியைத் திறந்ததும் கை வைக்கக் கூடாது. முதலில் மேலிருந்து ஒரு படம். பிறகு ஒவ்வொரு கட்டுக்கும் எண் எழுதிய துண்டுச் சீட்டு. அதற்கப்புறம்தான் எதையும் தூக்கலாம். எண்ணையும் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா அந்தத் தளத்துக்குள் வரவே கூடாது, மை சிந்தினால் தொலைந்தது. முப்பது வருடம் இப்படி இருந்து பழகியதில் அவள் கைப்பையில் பென்சில் மூன்று கிடக்கும், சீவுவதற்கு ஷார்ப்னர் கிடக்கும், பேனா மட்டும் கிடையாது. பேங்குக்குப் போனால் பக்கத்தில் நிற்பவரிடம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பகல் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, வீட்டில் குரலை உயர்த்த மாட்டார். கேலி மட்டும் உண்டு. "நேத்துக் குடிச்ச கப்பு இங்கயே இருக்கே. கழுவிடவா, இல்ல நம்பர் போட்டுப் படம் எடுக்கணுமா?" என்பார். அவளும் சளைக்காமல், "உங்க கப்பைக் கழுவிக்கங்க, என் கப்பு அப்படியே இருக்கட்டும்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை. பிழைப்பு அதில் என்றாலும் மனசு முழுக்கச் செஸ்ஸில். அதுவும் எதிரே ஆளை உட்காரவைத்து ஆடும் செஸ் இல்லை, தபாலில் ஆடும் செஸ். குதிரையை எங்கே வைக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும். அங்கே இருப்பவர் யோசித்து, தன் நகர்த்தலை எழுதி அனுப்ப வேண்டும். ஓர் ஆட்டம் முடிய வருடக்கணக்கில் ஆகும். ஓர் எதிராளி ஆட்டத்தின் நடுவிலேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வேலையை இழந்து, வேறு ஊருக்குக் குடிபோய், அங்கிருந்து சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தினார். இந்தச் சேதியெல்லாம் நகர்த்தலுக்குக் கீழே இரண்டு மூன்று வரியில் வரும்.

அண்ணனிடம் ஒரு விசித்திரமான பழக்கம். கடிதம் வந்ததும் பிரிக்க மாட்டார். பிரித்துவிட்டால் மூன்று நாளுக்குள் பதில் போட்டுவிட வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். கையில் உள்ள ஆட்டத்துக்கு வழி தெரியும்வரை மற்றக் கடிதங்கள் மேஜையின் வலது டிராயரில், ஒரு கட்டாக, பிரிக்கப்படாமல் காத்திருக்கும். இடது டிராயரிலும் பிரிக்காத கட்டு ஒன்று உண்டு. அதில் இருப்பவை விளம்பரங்கள், நன்கொடை கேட்டு வந்தவை, ஆட்டத்தில் திருட்டுத்தனம் செய்தார்கள் என்று அவர் தலைமுழுகிவிட்ட ஆட்களின் கடிதங்கள். அவற்றைப் பிரிக்கவும் மாட்டார், தூக்கிப் போடவும் மாட்டார். வலது டிராயர் என்றால் பதில் போகும். இடது என்றால் தலைகீழாக நின்றாலும் போகாது. சின்ன வயதில் அவருக்காகத் தபால் பெட்டிக்கு ஓடியவள் என்பதால் தங்கைக்கு இது அத்துப்படி.

அம்மா படுக்கையில் கிடந்தது அண்ணன் வீட்டில்தான், நாலு வருடம். தங்கை விடுமுறையில் வருவாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவாள். அம்மா இறந்து, அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய மாலை, கூடம் நிறைய உறவுக்காரர்கள். அண்ணன் மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்து ஒரு கவரைக் கையில் எடுத்தார். துக்கத்தில் கை எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும் என்பது இன்றைக்கு அவளுக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

"அம்மா மூச்சுக்குத் தவிச்சப்பவும் நீ குதிரையை எங்க வைக்கலாம்னுதான் பாத்துட்டு இருந்திருப்ப. நல்லாப் பாத்துக்கிட்டீங்க அம்மாவை, புருஷனும் பொண்டாட்டியும்!" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

அண்ணன் கவரை இருந்த இடத்திலேயே வைத்து டிராயரை மூடினார். சமையலறை வாசலில் அண்ணி தட்டு நிறைய டீயோடு நின்றிருந்தாள். அப்புறம் பதினோரு வருடம் அந்த இரண்டு வீடுகளுக்கும் பேச்சே இல்லை.

கோபம் முதல் வருடத்திலேயே போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை, அது வருடத்துக்கு வருடம் தடித்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரிடம் பேனா வாங்கிக்கொண்டு உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. நான் அன்று சொன்னது பொய், நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் பாதிகூட என்னால் முடிந்திருக்காது, அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் முன்னால் திரும்ப வாங்கிக்கொள்ளவும் தயார், என்னோடு பேசு அண்ணா, என்று எழுதித் தபாலில் போட்டாள். பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்துச் சாவுச் செய்திதான் வந்தது. போனாள், ஓரமாக நின்றாள், வந்தாள். புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் போய், 'என் கடிதம் வந்துச்சா?' என்று கேட்க எந்த நாக்குக்கு வரும்?

கேட்காததால் அது அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. படித்துவிட்டுப் பேசாமல் போனாரா? படிக்காமலே போனாரா?

மறு வருடம் வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஒருவர் துள்ளிக் குதிக்காத குறையாகக் காப்பகத்துக்கு வந்தார். தபாலில் செஸ் ஆடிய ஒருவரின் நாற்பது வருடக் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன, அவர் மனைவி கொடுக்கச் சம்மதித்துவிட்டார், எத்தனை நாட்டுச் சாதாரண மனிதர்களின் வாழ்க்கை அதில் இருக்கிறது தெரியுமா என்றார். யாருடைய கடிதங்கள் என்று அப்படியேக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. சொந்தக்காரர் காகிதம் வந்தால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. அந்த விதியைச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். வாயைத் திறக்கவில்லை.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று மதியம், ஓய்வு பெறும் ஒருவருக்காகக் கீழ்த்தளத்தில் கேக் வெட்டப் போனார்கள் எல்லோரும். தலைவலி என்று சொல்லி அவள் தங்கிவிட்டாள். பொய் சொன்னதில் நிஜமாகவே தலை வலித்தது.

பிரிக்கும் அறையில் நீள மேஜை, ஜன்னலுக்கு வெள்ளைத் திரை, வெயில் உள்ளே வராது. முதல் பெட்டியில் செஸ் புத்தகங்கள். இரண்டாவதில் முடிந்த ஆட்டங்களின் கடிதங்கள். மூன்றாவது பெட்டியைத் திறந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கட்டுகள், பக்கத்தில் பக்கத்தில், எல்லாமே ஒட்டியபடி இருந்த கவர்கள். அண்ணி டிராயரில் இருந்தபடியே தூக்கி வைத்திருக்கிறாள். படம் எடுக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. சீட்டு வைக்கவில்லை. இந்தக் கையில் ஒன்றும் அந்தக் கையில் ஒன்றுமாக இரண்டு கட்டையும் ஒரே மூச்சில் தூக்கினாள்.

அண்ணன் ரப்பர் பேண்டுக்குக்கூட ஓய்வு கொடுக்காத மனிதர். இற்றுப்போயிருந்த இரண்டும் பொட்டென்று அறுந்தன. கவர்கள் மடியில், மேஜையில், தரையில், நாற்காலிக்கு அடியில் என்று சிதறி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவள் மண்டிபோட்டுத் தேடினாள். தன் கையெழுத்து எதிர்ப்பட்டது. கவர் ஒட்டியபடியே இருந்தது.

படிக்கவில்லை! முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கமில்லாத சந்தோஷம். படித்துவிட்டுப் புறக்கணிக்கவில்லை, படிக்கவே இல்லை. அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷம் காணாமல் போனது. எந்தக் கட்டிலிருந்து விழுந்தது இது? வலது டிராயர் கட்டா, இடது டிராயர் கட்டா? பிரிக்க நினைத்துக் காத்திருந்ததா, தலைமுழுகிப் போட்டதா? தரையில் கிடந்த மற்றதையெல்லாம் பார்த்தாலே சொல்லிவிடலாம். சோப்பு விளம்பரம் இடது. வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டியது பெரும்பாலும் வலது. எந்தப் பக்கம் என்று ஊகிக்கக்கூட முடியாத கவர் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவளுடையது. மூடியைத் திறந்ததும் படம் எடுத்து, சீட்டு வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

எத்தனை பேரைத் திட்டியிருப்பாள், முப்பது வருடத்தில்! தூசி தட்டியதற்காக ஒரு பையனை அழவைத்திருக்கிறாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள், நிஜமாகவே, சத்தம் வரும்படி.

கைப்பை நாற்காலியில்தான் இருந்தது. கவரை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தால் ஒருவருக்கும் தெரியாது. கை ஒரு தடவை அந்தப் பக்கம் போகவும் செய்தது. பிறகு கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருடச் சம்பளம் வாங்கிய உடம்பு அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை.

பொறுப்பாளர் அவளைவிடச் சின்னவர். தலைவலிக்காரிக்குக் கேக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது, ஃபேன் காத்தா?"

"காத்து இல்ல சார். நான்தான்."

ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன், அம்மா, கூடத்தில் கத்தியது, கடிதம், டிராயர்கள், தலைவலி எல்லாவற்றையும். அவர் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"முதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருக்கணும்."

"இதை நான் பண்ணியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"சார்னுகூடப் பாத்திருக்க மாட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, செய்ய வேண்டியதைச் செய்தார். இந்தப் பெட்டிகளில் இனி அவள் கை வைக்கக் கூடாது, புதுப் பெண் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் ஒரு குறிப்புத் தாள் இருக்கும், வருகிற ஆராய்ச்சியாளர்கள் முதலில் படிப்பது அதைத்தான். 'பிரிக்கப்படாத கடிதங்கள் இரண்டு கட்டுகளாக இருந்தன. அவற்றின் வரிசை காப்பகப் பணியாளரால் கலைக்கப்பட்டது' என்று அதில் அவளே எழுத வேண்டும். எழுதினாள். பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது.

"இன்னொண்ணு. பேராசிரியை இதையெல்லாம் பிரிச்சுப் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. குடுத்தவங்களைக் கேக்காம நாம பிரிக்க முடியாது. போய்க் கேட்டுட்டு வாங்க."

"நானா?"

"வேற யாரு? எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆளும் அவங்கதான்."

பஸ் இரண்டு மாற வேண்டியிருந்தது. சலவைக்கடை, அதன் பக்கத்தில் பழுது பார்க்கும் கடை, அங்கே வாசலில் வரிசையாக வயிறு திறந்து கிடந்த மின்விசிறிகள், பிறகு கைப்பிடி ஆடும் மாடிப்படி. எதுவும் மாறவில்லை. கதவைத் தட்டும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. படி ஏறியதால் என்று சொல்லிக்கொண்டாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு நொடி பார்த்துவிட்டு, "வா. செருப்பை உள்ளயே விடு, வெளிய விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

கூடத்தில் அண்ணனின் மேஜை காலியாக இருந்தது. அண்ணி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வந்தவள் காப்பகம், அனுமதி, பேராசிரியை என்று எதையெதையோ சொல்லித் தடுமாறினாள்.

"ரெண்டு கட்டு வெச்சிருந்தீங்கல்ல அண்ணி, பிரிக்காதது. அது கலைஞ்சு போச்சு. நான்தான் கலைச்சுட்டேன்."

"உன் கவரைத் தேடினியாக்கும்."

அவள் டீக் கப்பைக் கீழே வைத்தாள்.

"பெட்டில வைக்கும்போதே பாத்தேன்" என்றாள் அண்ணி. "தனியா எடுத்து வைக்கலாமான்னு நெனச்சேன். அந்தப் பேராசிரியை அம்மா, எதையும் இடம் மாத்தாதீங்க, இருந்தபடியே குடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. சரின்னு விட்டுட்டேன்."

"எந்தப் பக்கம் இருந்துச்சு அண்ணி?"

அண்ணி மேஜையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அது வந்தப்ப அவர் ஆஸ்பத்திரில இருந்தார். தெனமும் தபால் வந்துச்சான்னு கேப்பார். உங்க தங்கச்சி எழுதியிருக்கான்னேன். கொண்டு வரவா, நான் படிச்சுக் காட்டவான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையை ஆட்டினார். அப்புறம், 'வலது டிராயர்ல வை, வீட்டுக்கு வந்து நானே பிரிக்கறேன்'னார்."

வீட்டுக்கு வரவில்லை என்பதை இருவரில் ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியேக்கா அழுதாள். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை அழுவதுபோல அழுதாள். வலது டிராயர். பதில் வந்திருக்கும். அவருக்கு ஒரு வாரம் கிடைத்திருந்தால் வந்திருக்கும். அண்ணி எழுந்துபோய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், அழுது முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தது எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கச் சொல்லு. பாவம், எவ்வளவு பேர் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்களோ" என்றாள். "உன்னோடதைப் பத்தி உன்னை ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணி."

"அதுல என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருந்தியா?"

ஒன்றரைப் பக்கமும் அவளுக்கு மனப்பாடம். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். நாலு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டியது அண்ணி. புண் வராமல் புரட்டிப் போட்டது அண்ணி. ராத்திரியில் எழுந்து துணி மாற்றியது அண்ணி. இதெல்லாம் எழுதும்போதும் அவளுக்குத் தெரியும். 'நீ பார்த்துக்கொண்டதில்' என்று அண்ணனுக்கு எழுதியிருந்தாள். கடைசி வரிக்குக் கீழே, 'அண்ணியைக் கேட்டதாகச் சொல்' என்றுகூட இல்லை.

"இல்ல அண்ணி" என்றாள். "ஒரு வரிகூட இல்ல."

அண்ணி தலையை ஆட்டினாள். கோபப்பட்டதாகத் தெரியவில்லை.

"திட்டினப்ப மட்டும் என்னையும் சேத்துத்தான் திட்டின" என்றாள்.

அண்ணி ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கவர் அவருக்கு வந்தது, அது அப்படியே இருக்கட்டும். எனக்குத் தனியா ஒண்ணு எழுது. இப்ப வாயால சொல்லாத, நீ மறுபடியும் அழுவ, எங்கிட்ட வேற துண்டு கிடையாது. தபால்ல போடு. நான் உங்கண்ணன் மாதிரி இல்ல, வந்த அன்னைக்கே பிரிச்சுடுவேன்."

டீயைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். இருவரும் குடித்தார்கள். திரும்பி வரும் வழியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் அப்படியேக்கா ஒரு கவர் வாங்கினாள். காசு கொடுத்துவிட்டு நகர்ந்தவள், நினைவு வந்து திரும்பிப் போய், ஒரு பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.